தனித்துப் படக்கதை இயற்றப் புகுவார்க்கு

தோற்றுவாய்

ஓவியம் கண்ணுக்கு விருந்து. கதை செவிக்கு விருந்து. இவ்விரு விருந்தும் ஓரிலையிற் பரிமாறப்பெறுவதே படக்கதை. காமிக்ஸ் என்று இன்று யாவரும் வழங்குவது இதனையே. சிறுவர் பொழுதுபோக்கென்று அறிஞர் இதனைப் புறக்கணித்த காலம் ஒன்று இருந்தது. அக்காலம் கழிந்தது. அமெரிக்கராகிய ஆர்ட் ஸ்பீகல்மேன், தம் தந்தையார் ஹிட்லரின் கொலைக்களத்தினின்று உயிர்பிழைத்த வரலாற்றை, யூதரை எலிகளாகவும் நாஜிகளைப் பூனைகளாகவும் உருவகித்து 'மௌஸ்' என்னும் படக்கதையாக வரைந்தார். அதற்கு 1992-ஆம் ஆண்டிற் புலிட்சர் சிறப்புப் பரிசு அளிக்கப்பட்டது. துன்பத்தின் ஆழத்தையும் வரலாற்றின் கொடுமையையும் தாங்கவல்ல வலிமை படக்கதைக்கு உண்டென்பதை அந்நூல் ஐயமற நாட்டிற்று.

எம் கல்லூரியில் வகுப்புக் குறிப்பேட்டின் ஓரங்களைப் படங்களால் நிரப்பாத மாணவர் மிகச் சிலரே. விரிவுரை நீளுந்தோறும் அவ்வோரங்களில் யானையும் குதிரையும், சிற்சில வேளைகளில் விரிவுரையாளரின் திருவுருவமும் தோன்றக் காண்கின்றோம். இங்ஙனம் வரைவாருள் ஒருசிலர்க்கேனும், 'ஒரு படக்கதையைத் தாமே இயற்றித் தாமே வெளியிட வேண்டும்' என்னும் வேட்கை உள்ளத்தில் எழுதல் இயல்பு. அவர்க்குப் பயன்படுமென்று எண்ணியே யாம் இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

பெரிய நிறுவனங்களிற் கதை எழுதுவார் ஒருவர். பென்சிலால் வரைவார் மற்றொருவர். அதன்மேல் மையிடுவார் வேறொருவர். எழுத்து வரைவாரும் வண்ணந் தீட்டுவாரும் பிறர். பதிப்பிப்பாரும் விற்பாரும் அவர்க்கும் வேறானவர். தனித்து இயற்றுவாரோ இப்பணிகள் அனைத்தையும் தம் தலைமேற் கொள்ளுகின்றார். சிலவற்றைப் பிறரிடம் ஒப்படைப்பினும் பொறுப்பு அவருடையதே. உரிமை என்பது இச்சுமைக்கு மறுபெயர். படம் வரைதலில் உள்ள ஆர்வத்திற் பாதியேனும், தொடங்கியதை முடித்தலிலும், கணக்கெழுதுதலிலும், ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தலிலும் உடையவரே தம் படைப்பைத் தமதாகக் காப்பர். இஃதொன்றே யாம் சொல்ல வந்தது. இதனை விளக்குதற்கு அமெரிக்க நாட்டு ஒஹாயோ மாநிலத்திற் படக்கதை இயற்றினோர் சிலரின் வரலாறே போதும்.

உரிமை இழந்தார்

ஒஹாயோவின் கிளீவ்லாந்து நகரத்தில் கிளென்வில் உயர்நிலைப்பள்ளி என ஒன்று இருந்தது. அதன்கண் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் இரு மாணவர் நண்பராயினர். இருவரும் 1914-ஆம் ஆண்டிற் பிறந்தவர். சீகல் எழுதுவார், ஷஸ்டர் வரைவார். அவர்கள் தம் செலவில் ஒரு சிறு அறிவியற் கதை இதழை நடத்தி, கையச்சுப் பொறியாற் படியெடுத்து வெளியிட்டனர். சூப்பர்மேன் என்னும் பெயர் முதன்முதல் தோன்றியது 1933-ஆம் ஆண்டில் அவ்விதழில் வந்த ஒரு கதையிலேதான். அங்கு அவன் கொடியோன். பின்னர் அவனை நல்லோனாக மாற்றி, நீலவுடையும் செம்மேலாடையும் அணிவித்து, நாளிதழ் நிறுவனங்கள் பலவற்றிற்கு அனுப்பினர். பல ஆண்டுகள் யாரும் ஏற்றிலர்.

1938-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஒரு நிறுவனம் 13 பக்கங்கொண்ட முதற்கதையை ஏற்று, பக்கத்திற்கு 10 டாலர் வீதம் 130 டாலர் கொடுத்தது. அப்பணத்தோடு சூப்பர்மேனின் உரிமை முழுவதும் கைம்மாறியது. அப்பொழுது நண்பர் இருவர்க்கும் வயது 23. ஜூன் மாத நாளிட்ட 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதலிதழில் அக்கதை வெளிவந்ததும், அவ்வீரன் புகழ் நாடெங்கும் பரவியது. வானொலியும் திரைப்படமும் அவனைக் கொண்டாடின. படைத்தவரோ கூலிக்கு வரைவாராகவே இருந்தனர். 1947-ஆம் ஆண்டில் அவர்கள் வழக்குத் தொடுத்தனர், ஒரு தொகை பெற்று வழக்கு முடிந்ததேனும் உரிமை மீளவில்லை, வேலையும் போயிற்று. பிற்காலத்தில் ஷஸ்டரின் கண்பார்வை மிகவும் மங்கியது. சீகல் சிறு சம்பளத்திற்கு எழுத்தர் வேலை பார்த்தார். 1975-ஆம் ஆண்டில் ஓவியர் நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் முதலியோர் ஊரறிய முறையிட்ட பின்னரே, நிறுவனத்தார் ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும், கதைதோறும் படைத்தவர் பெயரைப் பொறிக்கும் சிறப்பும் அளித்தனர்.

அந்த 130 டாலரும் அடங்கிய 412 டாலர்க் காசோலை 2012-ஆம் ஆண்டில் ஏலத்திற்கு வந்தது. விலைபோனது 1,60,000 டாலருக்கு. உரிமையை விற்றவர் பெற்ற பொருளினும், அவ்விற்பனைக்குச் சான்றாகிய ஒரு தாள் பன்மடங்கு விலை பெற்றதென்றால், இளைஞர் எண்ணிப்பார்க்க வேண்டுவது வேறென்ன உளது? அவ்விருவரும் அறிவிலாரல்லர், சோம்பரல்லர். பல்லாண்டு புறக்கணிக்கப்பட்டு உள்ளம் தளர்ந்த வேளையில், கிடைத்த முதற் கையைப் பற்றினர். முதல் வாய்ப்பு வரும்பொழுதுதான் மிகுதியும் விழித்திருக்க வேண்டும் என்பது அவர்தம் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கும் பாடம்.

எளிய பொருள் கண்டவர்

அதே கிளீவ்லாந்து நகரில், அவர்க்கு ஒரு தலைமுறை பிற்பட்டு 1939-ஆம் ஆண்டிற் பிறந்தவர் ஹார்வி பீக்கர். முன்னாட் போர்வீரர்க்கான மருத்துவமனையிற் கோப்புகளை அடுக்கும் எழுத்தராக அவர் வேலை பார்த்தார். அவர்க்கு வரையத் தெரியாது. ஆயினும் படக்கதை இயற்ற வேண்டுமென்னும் ஆசை அவரை விடவில்லை. குச்சிகளை ஒட்டவைத்தாற்போன்ற மனித உருவங்களைக் கட்டங்களிற் கிறுக்கி, அவற்றின் அருகே பேச்சை எழுதி, நண்பராகிய ராபர்ட் கிரம்ப் என்னும் ஓவியரிடம் காட்டினார். கிரம்ப் அவற்றின் சுவையை உணர்ந்து வரைந்து கொடுத்தார். கேரி டம் முதலிய ஓவியர் பிறரும் துணைநின்றனர். 1976-ஆம் ஆண்டில் 'அமெரிக்கன் ஸ்ப்ளெண்டர்' என்னும் படக்கதை இதழைப் பீக்கர் தம் கைப்பொருள் கொண்டு வெளியிட்டார். பதினைந்து ஆண்டுகள்போல் அங்ஙனமே நடத்தினார்.

அதிற் பறக்கும் வீரரில்லை, அரக்கரில்லை. அலுவலகத்தில் உடனிருப்பார் பேசும் பேச்சு, காலையில் ஓடமறுக்கும் கார், தனிமை, நோய் ஆகியவையே பொருள். கடையில் விலைகொடுக்கும் வரிசையில் மூதாட்டியர்க்குப் பின்னே நிற்பதன் இடர்ப்பாடே ஒரு கதை முழுவதற்கும் போதுமானதாயிற்று. அக்கதைகளின் தொகுதி 1987-ஆம் ஆண்டில் அமெரிக்க நூற்பரிசு பெற்றது. 2003-ஆம் ஆண்டில் அவர் வாழ்க்கை திரைப்படமாயிற்று. இவ்வளவு புகழிடையும் அவர் தம் எழுத்தர் வேலையை விட்டாரல்லர்; 2001-ஆம் ஆண்டில் ஓய்வுபெறும் வரை அங்கேயே இருந்தார்.

இவர் வாழ்விலிருந்து அறியத்தக்கன மூன்று. முதலாவது, பொருளைத் தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. நம்மவர் பலர் முதற் கதையிலேயே அண்டங்களை ஆளும் அரசர் பன்னிருவரையும் அவர்தம் போர்களையும் வகுக்கத் தலைப்படுகின்றனர். பேருந்து நிலையமும் விடுதியின் உணவறையும் அவர்தம் கண்ணெதிரே காத்துக்கிடக்கின்றன. இரண்டாவது, வரையத் தெரியாமை தடையன்று, வரைவாரைத் துணைக்கொள்ளலாம். மூன்றாவது, உணவிற்கு வேறொரு தொழில் உடைமை இழிவன்று. மாதச் சம்பளம் வருவதாற்றான் பீக்கர் யார் விருப்பிற்கும் இணங்காமல் தாம் எண்ணியதை எழுத முடிந்தது. கலைக்காக வேலையைத் துறப்பதே வீரமென்று கருதுவார் இதனை நினைவிற் கொள்க.

தொடங்கியதை முடித்தவர்

அம்மாநிலத்தின் தலைநகராகிய கொலம்பஸில் வளர்ந்தவர் ஜெஃப் ஸ்மித். இவர் வரலாறு கல்லூரி மாணவராகிய நமக்கு மிகவும் அணுக்கமானது. என்னை? அவர் பணி தொடங்கியது ஒரு கல்லூரி இதழிலேதான். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக மாணவர் நாளிதழாகிய 'லாண்டர்ன்' என்பதில், 1982 முதல் 1986 வரை 'தார்ன்' என்னும் தொடர் படக்கதையை அவர் வரைந்தார். அதனை நாளிதழ் நிறுவனங்கள் வாயிலாகப் பரப்ப முயன்றும் கைகூடவில்லை. நண்பரோடு கூடி உயிரோவியக் கூடம் ஒன்று நிறுவிச் சில ஆண்டுகள் உழைத்தார். பின்னர் 1991-ஆம் ஆண்டில் 'கார்ட்டூன் புக்ஸ்' என்னும் சொந்தப் பதிப்பகத்தின் வாயிலாக, பழைய பாத்திரங்களையே புதுக்கி, 'போன்' என்னும் படக்கதையை இதழிதழாக வெளியிடத் தொடங்கினார்.

அடுத்த ஆண்டில் அவர் மனைவியார் விஜயா ஐயர், தம் நல்ல வேலையை விட்டுவந்து பதிப்பகத்தின் வணிகப் பொறுப்பை ஏற்றார். அச்சகத்தாரோடு பேசுதல், விற்பனையைக் கவனித்தல், பிறமொழி உரிமைகளை வழங்குதல் ஆகியவற்றை அவ்வம்மையார் மேற்கொண்டமையாற்றான் ஸ்மித் வரைபலகையை விட்டு எழாது உழைக்க முடிந்தது. ஓவியரின் புகழைப் பேசுவார் இவ்வம்மையாரின் உழைப்பையும் உடன்வைத்துப் பேசுதல் முறை.

'போன்' கறுப்பு வெள்ளையில் 55 இதழ்களாக நடந்து, 2004-ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. 13 ஆண்டுகள்! தொடங்கும்பொழுதே அவர் கதையின் முடிவை அறிந்திருந்தார். ஆதலின் இடையே வந்த புகழும் பொருளும் அவரை வழிதப்பச் செய்யவில்லை. அவ்வாண்டிலேயே 1,300 பக்கங்களுக்கு மேற்பட்ட ஒரே நூலாகவும் அது வெளிவந்தது. 2005 முதல் ஸ்கொலாஸ்டிக் என்னும் பெரும்பதிப்பகம் அதனை வண்ணப் பதிப்பாக வெளியிட, பள்ளிச் சிறுவர் கைகளிற் பரவியது. உரிமை தம்மிடமே இருந்தமையின், பெரும்பதிப்பகத்தோடு ஒப்புரிமையாளராய் அமர்ந்து பேச அவர்க்கு இயன்றது. சீகலும் ஷஸ்டரும் பெறாத பேறு இதுவே.

இயற்றும் முறை

இனி, நூலை இயற்றும் வகையைச் சுருங்கக் கூறுவோம். முதலிற் சிறியதொரு கதையை எடுத்துக்கொள்க. 8 பக்கத்தில் முடியும் கதை, 800 பக்கத்தில் முடியாத காப்பியத்தினும் நன்று. ஸ்காட் மெக்லவுட் என்னும் அறிஞர் 1990-ஆம் ஆண்டில் ஒரு பயிற்சியை வகுத்தார். 24 மணி நேரத்தில் 24 பக்கக் கதை ஒன்றனை வரைந்து முடிப்பதே அது. உலகெங்கும் பலர் அதனைச் செய்துபார்க்கின்றனர். அங்ஙனம் பிறக்கும் கதைகள் செம்மையுடையன ஆகாமற் போகலாம். ஆயினும் 'முடித்தேன்' என்னும் உறுதியை அவை தருகின்றன. அவ்வுறுதி விலைமதிப்பற்றது.

கால அளவையும் முன்னரே கணக்கிடுக. ஒரு பக்கம் வரைய இரண்டு நாள் ஆகுமென்க. மாணவர்க்குச் சனியும் ஞாயிறுமே ஓய்வாதலின் வாரத்திற்கு ஒரு பக்கம். 24 பக்கக் கதைக்கு 24 வாரம். அரையாண்டிற்குச் சிறிதே குறைவு. தேர்வு வாரங்களை விலக்கினால் அது முக்கால் ஆண்டினை எட்டினும் வியப்பில்லை. இதனை அறியாது தொடங்குவார் மூன்றாம் பக்கத்தில் மனஞ்சோர்வர்.

கதையைப் பக்கம் பக்கமாகவும் கட்டம் கட்டமாகவும் பிரித்து எழுதிக்கொண்டபின், ஒவ்வொரு பக்கத்தையும் தீப்பெட்டி அளவில் விரைந்து கிறுக்கிப் பார்க்க வேண்டும். இச்சிறுவரைவிற் பிழை காண்பது எளிது, திருத்துவதும் எளிது. முழு அளவில் மையிட்ட பக்கத்தைக் கிழிக்க எவர்க்கும் மனம் வாராது. இரண்டு கட்டங்களின் இடைவெளியே படக்கதையின் உயிர்நிலை. முதற் கட்டத்தில் ஓங்கிய கை. அடுத்த கட்டத்தில் உடைந்த பானை. அடித்த செயலைப் படிப்பவர் மனமே நிரப்பிக்கொள்ளுகின்றது. மெக்லவுட் 1993-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். எதனைக் காட்டாது விடுவது என்னும் தெளிவு, எதனைக் காட்டுவது என்பதனோடு ஒத்த கலையாம். வியப்பூட்டும் செய்தியை இடப்பக்கத்தின் தலைப்பில் வைத்தால், தாளைத் திருப்பும் கை அதனைத் திறந்துகாட்டும். வலப்பக்கத்தில் வைத்தால் கண் முன்னரே அதனைத் திருடிவிடும்.

சொல்லளவிலும் கட்டுப்பாடு வேண்டும். ஆங்கிலப் படக்கதைப் பதிப்பாசிரியரிடையே ஒரு கட்டத்திற்கு 35 சொற்களுக்கு மேற்படலாகாது என்றொரு பழைய வரையறை உண்டு. தமிழிற் சொற்கள் உருபுகளும் விகுதிகளும் ஏற்று நீளுமாதலின், 20 சொல்லே மிகையாம். அன்றியும், நம் எழுத்துகள் சில மேலே சுழிகின்றன. சில கீழே இறங்குகின்றன. வரிகளை நெருக்கினால் மேல்வரியின் உகரக் கால் கீழ்வரியின் இகரக் கொக்கியோடு மோதும். எனவே பேச்சுக் குமிழுக்கு முதலில் இடம் வகுத்து, எழுத்தை அமைத்து, அதன்பின்னர் உருவங்களை வரைக. படத்தை முடித்துவிட்டு மூலையிற் சொற்களைத் திணிப்பார் நூல் பெரும்பாலும் படிக்கப்படாது. நன்னூலார் நூலுக்கு அழகெனக் கொண்டவற்றுட் சுருக்கமும் விளக்கமும் முன்னிற்கின்றன. அவை படக்கதைக்கும் பொருந்துவனவே.

அமெரிக்கப் படக்கதை இதழ்களின் மூலப்படத்தை 11 அங்குல அகலமும் 17 அங்குல உயரமும் உள்ள தாளில் வரைந்து, அச்சிற் குறுக்குவது வழக்கம். குறுகும்பொழுது கோட்டின் நடுக்கம் மறையும். மெல்லிய கோடுகளோ அறவே மறையக்கூடும். ஆதலின் ஒரு பக்கத்தை முன்னரே குறுக்கிப் பார்த்துக்கொள்ளுதல் நலம். கணிப்பொறியிலேயே வரைவார்க்கும் இவ்விதி ஒக்கும். கறுப்புக்கோட்டுப் படங்களை அங்குலத்திற்கு 600 புள்ளி வீதமேனும் பதிவுசெய்தால் ஓரங்கள் சிதையாமல் அச்சேறும்.

அச்சும் விற்பனையும்

ஒரு தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கமாகும். மடித்த தாள்களை ஒன்றனுள் ஒன்றாகச் செருகி, முதுகிற் கம்பியால் தைப்பதே சிறு நூல்களின் கட்டட முறை. எனவே பக்கத்தொகை நான்கின் மடங்காக அமைய வேண்டும். 26 பக்கம் வரைந்தவர் 28 பக்கத்திற்குக் கூலி கொடுக்க நேரும். ஆப்செட்டு அச்சில் தகடு செய்யும் செலவு பத்துப் படிக்கும் ஆயிரம் படிக்கும் ஒன்றே. ஆகவே படிகள் மிகுந்தால் ஒன்றன் அடக்கவிலை குறையும். டிஜிட்டல் அச்சிற் றகடில்லை. ஐம்பது படியும் எடுக்கலாம். 'ஆயிரம் படி அடித்தால் மலிவு' என்னும் சொல்லில் மயங்கி, விற்காத தொள்ளாயிரத்தைக் கட்டிலின்கீழ் அடுக்கிவைப்பது மலிவாகாது. முதன்முறை சிலவே அடித்து, அவை தீர்ந்தபின் மீண்டும் அடிப்பதே அறிவுடைமை.

விலை குறிப்பதற்குமுன் ஓர் எளிய கணக்கை எழுதிப்பார்க்க. எடுத்துக்காட்டாக, நூலின் விலை 100 ரூபாய் என்க. கடைக்காரர் 40 ரூபாய் கழிவு கேட்பின் எஞ்சுவது 60. அச்சுக்கூலி 45 ஆயின் கையில் நிற்பது 15. கெட்டுப்போன படிகளும் இலவசமாகக் கொடுத்த படிகளும் இந்தப் பதினைந்தைத் தின்றுவிடும். அமெரிக்க நாட்டிற் பெருவணிகர் வழியே படக்கதைக் கடைகளுக்குச் செல்லும் இதழ்களின் அட்டைவிலையில், பதிப்பாளரை அடைவது ஏறத்தாழ நூற்றுக்கு 40 மட்டுமே. அச்சுக்கூலியும் அதனுள் அடங்கும்.

வணிகர் ஒருவரையே நம்பியிருப்பதும் இடருடைத்து. பல ஆண்டுகளாக அந்நாட்டுப் படக்கதை விநியோகத்தைப் பெரிதும் தன்னகத்தே கொண்டிருந்த டயமண்ட் நிறுவனம், 2025-ஆம் ஆண்டு சனவரியில் நீதிமன்றத்திற் கடன்மீள் பாதுகாப்புக் கோரியது. அதனைச் சார்ந்திருந்த சிறு பதிப்பாளர் பலர் தடுமாறினர். ஆதலின் வழிகள் பல வேண்டும். நேரில் விற்பது ஒன்று. டோக்கியோ நகரில் 1975-ஆம் ஆண்டில் தொடங்கிய 'காமிக் மார்க்கெட்' என்னும் சந்தையிற் கடைவிரித்த குழுக்கள் 32. வந்தவர் 700 பேர்போல. தாமே அச்சிட்ட நூல்களைத் தாமே விற்பார்க்கென அமைந்த அச்சந்தை, பிற்காலத்திற் பன்னூறாயிரவர் கூடும் பெருவிழாவாக வளர்ந்தது. இணையத்தில் வாரம் ஒரு பக்கமாக வெளியிட்டுப் படிப்போரைச் சேர்த்தல் மற்றொன்று. முன்பணம் திரட்டுதல் பிறிதொன்று. 2009-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிறுவப்பெற்ற 'கிக்ஸ்டார்ட்டர்' என்பதில், குறித்த தொகை முழுவதும் சேர்ந்தாலன்றி ஒரு காசும் இயற்றுவார்க்குச் செல்லாது. இதனால் அரைகுறைப் பணத்தோடு அல்லற்படுதல் நீங்கும். ஆனால் அஞ்சற் செலவை மறந்து தொகை குறித்தவர், நூல் விற்றும் நட்டமடைவர்.

வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அவை அரசர்க்குக் கூறியனவேனும், நூறு படி அச்சிடும் மாணவர்க்கும் அம்முறையே முறை.

எழுத்தில் வைக்கவேண்டுவன

மீண்டும் உரிமைக்கு வருவோம். நம் நாட்டிற் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன்படி, ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதனைப் படைத்தவரே. படைத்த அளவிலேயே உரிமை பிறக்கின்றது. பதிவு செய்தல் கட்டாயமன்று. ஆயினும் ஒருவர் பணியாளராயிருந்து பணியின் பொருட்டுப் படைத்தவை, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, பணிகொடுத்தார்க்கே உரியன. உரிமையைப் பிறர்க்கு மாற்றிக்கொடுப்பது எழுத்து வாயிலாகவும் கையொப்பத்தோடும் அமைய வேண்டும். காலம் குறிக்கப்படாவிடின் அம்மாற்றம் ஐந்தாண்டுக்கு மட்டுமே எனவும், இடம் குறிக்கப்படாவிடின் இந்தியாவிற்கு மட்டுமே எனவும் சட்டம் கொள்ளும். உரிமை கைம்மாறிய பின்னும், 'இதனைப் படைத்தவன் யான்' என்று சொல்லும் சிறப்புரிமை படைத்தவர்க்கு உண்டு. படைத்தவர் மறைந்தபின் அடுத்த ஆண்டுத் தொடக்கமுதல் 60 ஆண்டுகள் பதிப்புரிமை நிற்கும்.

ஒப்பந்தம் ஒன்று கைக்கு வரின், அதிற் காணவேண்டுவன ஐந்து. கொடுப்பது பயன்படுத்தும் இசைவா, முழு உரிமையா? எவ்வளவு காலம்? எந்தெந்த நாடு, எந்தெந்த மொழி? திரைப்படம், பொம்மை, விளையாட்டு முதலியவற்றின் உரிமை யாரிடம்? அச்சில் நூல் தீர்ந்தபின் பதிப்பாளர் மீண்டும் அச்சிடாவிடின் உரிமை திரும்புமா? இவ்வைந்திற்கும் விடை எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்திற் கையொப்பமிடுதல், கண்ணைக் கட்டிக்கொண்டு ஆற்றைக் கடத்தல் போலும். சட்டமறிந்தார் ஒருவரிடம் ஒருமுறை காட்டிக் கேட்க.

நண்பர்க்குள் ஒப்பந்தம் எதற்கு என்பார் உளர். நட்பு நிலைக்க வேண்டுமெனின் அதுவே வேண்டும். எழுதுபவர் ஒருவர், வரைபவர் ஒருவர் ஆயின், வருவாய் எவ்வாறு பிரிக்கப்படும், ஒருவர் விலகினால் பாத்திரங்கள் யார்க்கு உரியன என்னும் இவற்றை முதற்கோடு வரைவதற்கு முன்னரே ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடுக. வருவாய் இல்லாதபொழுது இவ்வுடன்பாடு எளிது, வந்தபின் அரிது. அமெரிக்க நாட்டுப் படக்கதையாசிரியர் சிலர் 1988-ஆம் ஆண்டில் நார்த்தாம்ப்டன் என்னும் ஊரிற் கூடி, படைப்பாளர் உரிமைகளை வரிசைப்படுத்தி ஒரு சாசனம் எழுதினர். அது சட்டமன்று, எனினும் தாம் எவற்றைக் கேட்கலாம் என்பதையே அறியாதிருந்த இளைஞர்க்கு அது கண்திறந்தது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், தனித்துப் படக்கதை இயற்றல் எளிதன்றென்பது விளங்கும். இயலாததன்று என்பதும் விளங்கும். செல்வம் வருமென்று யாம் சொல்லமாட்டோம். பலர்க்கு அச்சுக்கூலியே திரும்புதல் அரிது. ஆயினும் பீக்கரின் ஊரில் ஆயிரக்கணக்கான எழுத்தர் கோப்பு அடுக்கினர்; அவர்தம் நாட்களைப் பின்வந்தோர் அறியச் செய்தவர் அவர் ஒருவரே. ஒருவர் தம் தெருவையும் தம் மக்களையும் தாம் கண்டவாறே பிறர் காணுமாறு செய்து, அப்படைப்பின்மேல் தம் பெயரும் தம் உரிமையும் நிலைபெறக் காண்பரேல், அது சிறிய பேறன்று.

ஆதலின், வரையவல்ல நண்பர்காள்! வரும் விடுமுறையில் எட்டே பக்கத்தில் ஒரு கதை வரைமின். முதற்பக்கத்தினும் எட்டாம் பக்கத்தையே பெரிதாக எண்ணுமின். ஐம்பது படி எடுமின். வரவு செலவினை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைம்மின். யார் எத்தாளை நீட்டினும் முற்றும் படித்தபின்னரே கையொப்பமிடுமின். குறிப்பேட்டின் ஓரத்தில் நிற்கும் யானை நூலின் நடுவே நடந்துவருவதை யாமும் காண விழைகின்றோம்.